ஒரு முகத்துக்கு ஒரு பங்கு

ஆடுகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அதுகள் பேசிய பேச்சில் முக்கால்வாசி வம்புதான். மீதிக் கால்வாசியில் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். பிற்பாடு பேச்சு போய் வெறும் கத்தல் மிஞ்சியதில் ஆட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கதையைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

கரிசல் காட்டில், உடை என்னும் முள்மரங்கள் நிறைந்த ஓர் ஓடைக்கரையில், கன்னி ஆட்டு மந்தை ஒன்று இருந்தது. கன்னி ஆட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் கறுப்பு. முகத்தில் மட்டும் கொம்படியிலிருந்து மூக்கு வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. அந்த மந்தையை மேய்க்க மனிதர் யாரும் கிடையாது. அவர்களே மேய்ந்தார்கள், அவர்களே முள்ளை இழுத்துப் போட்டுப் பட்டி அடைத்தார்கள், நியாயமும் அவர்களே பேசிக்கொண்டார்கள். மந்தைக்குத் தலைவர் கொம்பையா என்ற கிழட்டுக் கிடா.

அந்த மந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயல் சொல்லுதல் என்று அதற்குப் பெயர். குட்டி பிறந்து காலூன்றி நடந்ததும் அதை மந்தை நடுவே நிறுத்துவார்கள். தகப்பன் வழி, தாய் வழி உறவெல்லாம் சுற்றி நின்று முகத்தைப் பார்க்கும். 'காது எங்க அப்பா காது' என்று ஒருவர் சொல்வார். 'அந்தக் கோணல் கோடு எங்க சின்னம்மா கோடு' என்று இன்னொருவர் சொல்வார். சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. சாயல் சொன்னவர் தன்னுடைய உடைமரங்களில் ஒன்றை அந்தக் குட்டிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கோடையில் புல் பூண்டெல்லாம் கருகிய பிறகு, மரத்திலிருந்து காய்ந்து உதிரும் காயான உடைநெற்றுதான் ஆடுகளுக்கு உயிர். எந்த மரம் யாருடையதோ அவர்தான் அதன் அடியில் பொறுக்கலாம். மரம் இல்லாத குட்டி அடுத்த மழையைப் பார்க்காது. ஆகவே சாயல் சொல்வது அழகைப் பற்றிய பேச்சு இல்லை, சோற்றைப் பற்றிய பேச்சு.

பாலுக்கும் முகம்தான். தன் பிள்ளை, பிறத்தி பிள்ளை என்று யாரும் பார்ப்பதில்லை. நம்ம சாயல் முகத்தில் தெரிகிறதா, வந்து குடித்துவிட்டுப் போ என்று மடியை விட்டுவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கு நன்றாக இருந்தது என்பதுதான் கேள்வி.

கொம்பையாவின் மருமகள் பெயர் சடைச்சி. மூன்றாம் ஓடைக்கு அப்பாலிருந்து வந்தவள். அவள் புருஷன் கூழையன் நல்லவன்தான். ஆனால் எந்த நேரமும் எதையாவது அசைபோட்டுக்கொண்டே இருப்பான். வாய் நிறைய அசை இருந்தால் பேச வேண்டியதில்லையே, அதற்காகத்தான் அவன் அப்படி மென்றான் என்று நினைக்கிறேன். கூழையனின் அக்காள் செவத்தி. அவளுக்கு ஒரு குட்டி, பெயர் துத்தி. ஈன்றதும் தாய் முதலில் எந்தத் தழையைக் கடிக்கிறாளோ அதுதான் அங்கே குட்டிக்குப் பெயர். செவத்திக்குத் தூரத்து மேய்ச்சல் பிடிக்கும். விடிந்ததும் துத்தியைச் சடைச்சியின் மடியில் தள்ளிவிட்டு, "நம்ம சாயல்தானே, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அதுவரை அந்த மந்தையில் எவளும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிக்கு மேல் ஈன்றதில்லை. சடைச்சி ஈன்றது இரண்டு. இரண்டும் பெண். முதல் குட்டியை நக்கித் துடைத்துவிட்டு, எட்டிய இலந்தையைக் கடித்தாள். அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. அதையும் துடைத்துவிட்டு, இலந்தைமேல் படர்ந்திருந்த முசுட்டைக்கொடியை இழுத்துத் தின்றாள். இலந்தை, முசுட்டை என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்துத் திரும்பிப் பார்த்தால், எது இலந்தை, எது முசுட்டை என்று அவளுக்கே தெரியவில்லை. அதே கறுப்பு, அதே கோடு, இடது கோட்டின் நுனியில் அதே வளைவு. ஒன்றைத் தண்ணீரில் பார்த்த மாதிரி மற்றது நின்றது.

சாயல் சொல்லும் நாள் வந்தது. சடைச்சி முதலில் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கொம்பையா முகத்தைப் பார்த்தார்.

"நெத்தி என் நெத்தி. கிணத்தடி மரம் இவளுக்கு" என்றார்.

செவத்தி வேறு வழியில்லாமல், "காது என்னைக் கொண்டு இருக்கு. மேட்டு மரம்" என்றாள். சடைச்சியின் அண்ணனும் வந்திருந்தான். கோட்டின் வளைவு தன்னுடையது என்று சொல்லி ஒரு மரம் கொடுத்தான். எல்லாரும் சந்தோஷமாகக் கலையப் பார்த்தார்கள்.

"இருங்க, இன்னொருத்தி இருக்கா" என்று சடைச்சி இரண்டாவதைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மேட்டு மரம் போன எரிச்சலில் இருந்த செவத்திதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இந்த முகத்துக்குத்தான் சாயல் சொல்லியாச்சே!"

"அது அக்கா. இவ தங்கச்சி, மதினி" என்றாள் சடைச்சி.

"இருக்கட்டும்ட்டி. அதே நெத்தி, அதே காது. ஒரே காதுக்கு ரெண்டு தடவை மரம் கொடுப்பாகளா? எங்க உள்ள வழக்கம் இது?"

"முகம் ஒண்ணுதான் மதினி. வாய் ரெண்டு இருக்கு. வயிறு ரெண்டு இருக்கு."

"வழக்கத்துல வயித்தைப் பத்திப் பேச்சே இல்லையே" என்றாள் செவத்தி. நாலு பேர் சிரித்தார்கள். சடைச்சியின் அண்ணன், பொழுதாகிவிட்டது, ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நழுவினான்.

கொம்பையா தாடியை மரத்தில் தேய்த்து யோசித்தார். தலைவர்கள் அப்படி யோசித்தால் கெட்ட தீர்ப்புதான் வரும்.

"இந்தா தாயி, வழக்கத்தை நான் மாத்த முடியாது. ஒரு முகத்துக்கு ஒரு பங்கு. ரெண்டு உடம்பா இருந்தாலும் ஒரே பிள்ளைன்னு வச்சுக்குவோம். பேரும் ஒண்ணு போதும். ரெட்டைன்னு கூப்பிடுவோம்."

"நான் பெத்தது ரெண்டு, மாமா. வலியும் ரெண்டு தடவைதான் வந்துச்சு. அதை எந்தக் கணக்குல வைப்பீக?"

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயைக் குறை. ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணைப் பார்த்த மாதிரிதானே இருக்கு?" என்றார்.

சடைச்சி புருஷனைப் பார்த்தாள். கூழையன் அசைபோட்டான்.

அன்று தொடங்கியது அவள் வயிற்றெரிச்சல். எனக்கும் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எரிகிறது. மரம் கொடுக்க மனமில்லாத கூட்டம், வேடிக்கை பார்க்க மட்டும் தினமும் வந்தது. "இதுல மூத்தது எது, சொல்லு பார்ப்போம்" என்று தாயிடமே பந்தயம் கட்டியது. ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு மற்றதைக் காட்டி, "இது எது?" என்று கேட்டுச் சிரித்தது. ஒன்று செவத்தியின் புதரில் வாய் வைத்தால், கண்ணில் பட்ட மற்றதற்கு முட்டு விழும். "நான் இல்ல" என்று குட்டி அழுதால், "நீ இல்லேன்னா உன் முகம்" என்பாள் செவத்தி. இந்தக் காலத்திலும் இரட்டைப் பிள்ளை பெற்றவள் வீட்டுக்குப் போய் இதே கேள்வியைக் கேட்டு, இதே சிரிப்பைச் சிரித்து, பிஸ்கட் பாக்கெட் ஒன்றே ஒன்றை நீட்டி, "ரெண்டு பேரும் பிச்சுக்கோங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் செவத்தி வம்சம்.

சடைச்சி தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். ஆட்டு மடியில் காம்பு இரண்டு. இடப்பக்கம் வந்து குடிப்பவள் இலந்தை, வலப்பக்கம் குடிப்பவள் முசுட்டை. அப்படியே பழக்கினாள், அப்படியே பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முகத்தை நம்ப முடியாவிட்டால் பக்கத்தை நம்பலாம் என்று நினைத்தாள். பாவி மகள், தான் செய்ததும் இன்னொரு கணக்குதான் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

கோடை வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு நெற்றுதான். அதில் தான் ஒன்றும் தின்னாமல் பிள்ளைகளைப் பொறுக்கவிட்டாள் சடைச்சி. அதனால் பால் குறைந்தது. குறைந்த பாலிலும் துத்தி வந்து முதலில் குடித்துவிட்டுப் போனாள். குட்டிகளுக்குப் பசி அடங்கவில்லை. பசித்த பிள்ளை சும்மா இருக்குமா? ஒரு பக்கம் குடித்து முடித்ததும் சத்தமில்லாமல் சுற்றி வந்து மறுபக்கமும் குடிக்கக் கற்றுக்கொண்டது. முந்திக்கொண்டது எதுவோ அதற்குக் கிடைத்தது.

ஒருநாள் மந்தை கண்மாய்க்கரை வரைக்கும் போய்த் திரும்பியது. பொழுது சாய்கிற நேரம். பட்டி வாசலில் கொம்பையா நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே விட்டார். எல்லாருக்கும் கடைசியாக ஒரு குட்டி ஓடி வந்தது.

"ரெட்டை வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு முள்ளை இழுத்து வாசலை அடைத்தார்.

அந்தக் குட்டி நேராகச் சடைச்சியிடம் போய் இடப்பக்கம் குடித்தது. அலுப்பில் கண்ணை மூடியிருந்த சடைச்சி, "இலந்தையா, குடி" என்றாள். பிறகு அதுவே சுற்றி வந்து வலப்பக்கம் குடித்தது. "முசுட்டையா, மெதுவாக் குடி" என்றாள். இரண்டு காம்பும் வற்றின. அவள் கால் மடக்கிப் படுத்தாள். இடப்பக்கம் ஒரு சூடு வந்து ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம் வெறும் காற்று.

துள்ளி எழுந்தாள்.

"உன் கூடப் பிறந்தவ எங்கட்டி?"

"தெரியலம்மா. கண்மாய்க்கரையில முள்ளுக்குள்ள பழம் பொறுக்கினோம். நான் ஓடி வந்துட்டேன். அவ வரல."

"நீ யாரு? இலந்தையா, முசுட்டையா?"

குட்டி யோசித்தது. பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை. "இந்தப் பக்கம் குடிச்சா இலந்தைன்னு கூப்பிடுவே. அந்தப் பக்கம் குடிச்சா முசுட்டைன்னு கூப்பிடுவே. நாங்க மாறி மாறிக் குடிப்போம். நான் யாருன்னு நீதானேம்மா சொல்லணும்?" என்றது.

சடைச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனார் இரண்டு பிள்ளையை ஒன்றாக்கினார் என்று அத்தனை நாள் கொதித்தாளே, அவளே இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மடியில் தொங்கவிட்டு, யார் வந்து கடித்தாலும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாசலுக்கு ஓடினாள். "மாமா, முள்ளை எடுங்க! என் பிள்ளை ஒண்ணு வெளிய கிடக்கு!"

"ரெட்டை வந்தாச்சே தாயி. நானே முகத்தைப் பார்த்தேன்" என்றார் கொம்பையா.

"வந்தது ஒருத்தி. இன்னொருத்தி வரல."

"வழக்கப்படி ரெட்டைங்கிறது ஒண்ணு. ஒண்ணு வந்தாச்சு, கணக்கு சரி. அடைச்ச வாசலைத் திறந்தா நரி வரும். இத்தனை பேர் உயிரைப் பார்க்கணுமில்ல?"

செவத்தி துத்தியை அணைத்துப் படுத்தபடியே சொன்னாள்: "ஏன்ட்டி கத்துதே? ஒண்ணு போனாலும் அதே முகம் வீட்டுல இருக்குல்ல? எங்களுக்குப் போச்சுன்னா எல்லாமே போச்சு. நீ கொடுத்து வச்சவ."

சடைச்சி பின்னால் நாலடி போய், ஓடி வந்து, முள்வேலியைத் தாண்டினாள். வேலி உயரம். வயிற்றில் முள் கிழித்தது. உள்ளே கூழையன் எழுந்து நின்றான், முதல்முறையாக அசைபோடுவதை நிறுத்தினான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை.

வானம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. கண்மாய்க்கரைக்கு வந்து கூப்பிட வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைக் கூப்பிடுவது? தொலைந்துபோன பிள்ளையைத் தேடி வந்த தாய்க்குத் தொலைந்தது யார் என்று தெரியவில்லை. இந்தக் கொடுமையை அந்த மந்தையில் எவன் கணக்கில் எழுதுவான்?

"இலந்தை!" என்று கத்தினாள். பதில் இல்லை. அடுத்த பெயரைக் கத்த நாக்கு கூசியது. தழையைத் தள்ளிவிட்டுப் பார்ப்பது போல ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பதா? தலையைத் தொங்கப்போட்டு மண்ணைப் பார்த்தாள். குளம்புத் தடம் இரண்டு பேருடையதும் இருந்தது. தடமும் ஒரே மாதிரி. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மண்ணை மூக்கால் இடித்தாள்.

மூக்கில் ஏதோ பட்டது. அந்தக் காலத்தில் ஆடுகளுக்கு மூக்கு எதற்கென்றால், தழை வாடியதா, பச்சையா என்று பார்க்க மட்டும்தான். பிள்ளைகளை யாரும் மோந்து பார்த்ததில்லை. ஆனால் ஈன்ற அன்று நக்கித் துடைத்தபோது, கண் பார்க்காததை மூக்கு வாங்கி வைத்திருந்தது. முதலில் வந்தவளிடம் நனைந்த மண்ணின் வாடை. இரண்டாவதாக வந்தவளிடம், காய்ந்த நெற்றை உடைத்தால் வருமே, அந்த வாடை. ஒரு தடத்தில் மண். இன்னொரு தடத்தில் நெற்று. மண்வாடை பட்டியைப் பார்த்து ஓடியது. நெற்றுவாடை சங்கமுள் புதரைப் பார்த்துப் போயிற்று.

"முசுட்டை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். இந்த முறை நாக்கு கூசவில்லை.

புதருக்கு முன்னால் நரி உட்கார்ந்திருந்தது. முள்ளுக்குப் பயந்து உள்ளே போகாமல், குட்டி வெளியே வரட்டும் என்று காத்திருந்தது.

"வாங்கம்மா" என்றது நரி. "மொதல்ல ஒரு பேரைக் கூப்பிட்டீக, இப்போ ஒரு பேரைக் கூப்பிடுதீக. எந்தப் பிள்ளைன்னு தெரியாமத்தான் தேடி வந்தீகளாக்கும்?"

"வழி விடு."

"கோவிக்காதீக. உங்க வீட்டு நியாயம்தான் காடு பூரா தெரியுமே. ஒரு முகத்துக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு உங்க வீட்டுல பத்திரமா இருக்கு. இது கணக்குல வராத உடம்பு. இதை நான் எடுத்துக்கிட்டா யாருக்கு நஷ்டம்? அதைப் பார்த்தா இதைப் பார்த்த மாதிரிதானே!"

மாமனார் சொன்ன அதே வார்த்தை. சடைச்சி தலையைக் குனிந்தாள். ஓர் ஆடு நரியை எதிர்த்து ஓடும் என்று நரி எதிர்பார்க்கவில்லை. அவள் கொம்பு அதன் விலாவில் இறங்கியது. அந்த முட்டு நரிக்கு மட்டும் கொடுத்த முட்டு இல்லை. கொம்பையாவுக்கும் செவத்திக்கும், நழுவிப்போன அண்ணனுக்கும், மென்றுகொண்டே இருந்த புருஷனுக்கும் சேர்த்துக் கொடுத்தது. நரி உருண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"முசுட்டை, வெளிய வா" என்றாள் சடைச்சி.

புதருக்குள்ளிருந்து சின்னக் குரல் ஒன்று கோபமாக வந்தது. "மொதல்ல வேற பேரைத்தானே கூப்பிட்டே?"

"ஆமா. தெரியாமக் கூப்பிட்டேன்."

"இப்போ மட்டும் எப்படித் தெரியும்? நான் உள்ள இருக்கேன். என் முகம்கூட உனக்குத் தெரியாதே."

"உன் முகத்தை எவ கேட்டா? ரெண்டாவதா வந்தவ நீ. வரும்போதே நெத்து வாடையோட வந்தே. ஆயிரம் பேர் உன் முகத்தை ஒட்ட வச்சுக்கிட்டு வந்தாலும் நீ ஒருத்திதான் முசுட்டை."

முள் விலகியது. முசுட்டை வெளியே வந்தாள். தாயை ஒட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைக்காதீர்கள். அவள் நேராக மடிக்குப் போய், தலையால் ஓங்கி முட்டினாள். ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று ஒரு முட்டு. ஏன் அவளைக் கூப்பிட்டாய் என்று ஒரு முட்டு. வற்றிப்போன மடிதான். அவள் முட்ட முட்ட எங்கிருந்தோ கொஞ்சம் பால் இறங்கியது. சடைச்சி அசையாமல் நின்று, குடிக்கும் பிள்ளையின் வாலடியில் மூக்கை வைத்து மோந்துகொண்டே இருந்தாள். அந்தச் சின்ன வால், இன்னும் நன்றாகத் தெரிந்துகொள் என்பது போல ஆடியது.

விடிந்து பட்டி திறந்ததும் சடைச்சி வாசலில் நின்றாள். முசுட்டை பக்கத்தில் நின்றாள். ராத்திரியெல்லாம் தூங்காத இலந்தை ஓடி வந்தாள். சடைச்சி மோந்து பார்த்தாள். நனைந்த மண். "நீ இலந்தை. இனிமே நீ எந்தப் பக்கம் குடிச்சாலும் இலந்தைதான்" என்றாள். இரண்டும் மடியில் விழுந்தன.

அந்த நேரம் பார்த்துத் துத்தியும் வழக்கம்போல வந்து மடியில் வாய் வைத்தாள். செவத்தி தூரத்து மேய்ச்சலுக்குக் கிளம்பி நின்றாள். சடைச்சி கழுத்தைத் திருப்பித் துத்தியை மோந்தாள். மண் இல்லை, நெற்று இல்லை. தலையைக் குனிந்து ஒரே தள்ளு. துத்தி போய் விழுந்து, என்ன நடந்ததென்று புரியாமல் கத்தினாள்.

செவத்தி பாய்ந்து வந்தாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அது உன் நாத்தனா பிள்ளைட்டி! நல்லாப் பாரு, அந்த நெத்தியைப் பாரு, கோட்டைப் பாரு. நம்ம சாயல்தானே!"

"சாயலா?" என்றாள் சடைச்சி. மந்தை முழுக்க நின்று கேட்டது. "என் பிள்ளை மரம் கேட்டு நின்னப்போ முகத்தைக் காட்டித்தானே இல்லேன்னீக? என் பிள்ளை வெளிய கிடந்தப்போ முகத்தைக் காட்டித்தானே வாசலை அடைச்சீக? என் பிள்ளை முகத்துக்குப் பங்கு கிடையாதுன்னா, உன் பிள்ளை முகத்துக்குப் பாலும் கிடையாது. உன் பிள்ளைக்கு உன் மடி இருக்கு. அங்க கூட்டிட்டுப் போ."

கொம்பையா முன்னால் வந்தார். "தாயி, இது வழக்கம் இல்ல."

"தெரியும் மாமா. வழக்கத்தைத்தான் நேத்து வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தேன். வேணும்னா போய்த் தேடுங்க. முகம் பார்த்துக் கண்டுபிடிப்பீகளே!"

கூழையன் மெதுவாக நடந்து வந்து, ஓடையோரத்தில் தனக்கிருந்த மரத்தடியில் நின்று, "இது முசுட்டைக்கு" என்றான். அவ்வளவு நாள் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. சடைச்சி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முசுட்டையை அந்த மரத்தடிக்கு அனுப்பினாள்.

துத்தி என்ன பாவம் செய்தாள்? ஒரு பாவமும் செய்யவில்லை. அவள் விழுந்து கத்தியது எனக்கும் பிடிக்கவில்லை. சடைச்சிக்குக் கோபம் வரக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோபம் போய் இடித்தது, குற்றம் செய்தவர்களில் ஒருவரையும் இல்லை, ஒரு பசித்த குட்டியை. செவத்தி அன்று தூரத்து மேய்ச்சலை விட்டுவிட்டுப் படுத்து, முதல்முறையாகத் தன் பிள்ளைக்குத் தானே பால் கொடுத்தாள். மற்றத் தாய்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு ஒருத்தி தன் மடியில் குடித்துக்கொண்டிருந்ததைக் குனிந்து மோந்தாள். அடுத்தவளும் மோந்தாள். காடெங்கும் குட்டிகள் கத்தின, தாய்கள் முட்டினார்கள். மத்தியானத்துக்குள் எந்தக் குட்டி யாருடையது என்று தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த மந்தையில் யாரும் யாருக்கும் சாயல் சொல்லவில்லை.

ஆட்டுக்குப் பேச்சு போய்விட்டது. இரட்டைக் குட்டி போடாத ஆடு இப்போது அபூர்வம். குட்டி இன்றும் தாய் மடியை ஓங்கி முட்டித்தான் பாலை இறக்குகிறது, வாலை ஆட்டிக்கொண்டேதான் குடிக்கிறது. தாயில்லாத குட்டி எந்த மடிக்குப் போனாலும் தள்ளுப்பட்டுத்தான் திரும்புகிறது, அதைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரியும். அன்றைக்குச் சடைச்சி வேலி தாண்டினாளே, அதிலிருந்துதான், எத்தனை குட்டி வந்து நின்றாலும் ஆடு முகத்தைப் பார்ப்பதில்லை. வாலடியில் மோந்து, இது நான் பெற்ற இவள்தான் என்று தெரிந்த பிறகே காலை அகட்டிக்கொடுக்கிறது.